மின்கம்பம் யார் வாசலில் நிற்கிறது?

(களமருதூரில் விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நடவு முடித்து, காலில் சேறு காயுமுன்பே பலர் வந்திருக்கிறீர்கள். அரிசி ஆலையில் மூட்டை தூக்கிவிட்டு, தோளில் தவிடு படிந்தபடியே வந்தவர்களும் இருக்கிறீர்கள். ஆகையால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கே வருகிறோம். குடிசைக்கும் தொகுப்பு வீட்டுக்கும் மின் இணைப்பு கேட்டு மனுப்போட்டும் கிடைக்கவில்லை என்றால் யாரைக் கேட்பது? "ஒழுங்குமுறை ஆணையம்" என்கிறார்களே, அது யாருக்காக உட்கார்ந்திருக்கிறது? அதன் கதவு நமக்குத் திறக்குமா, திறக்காதா? இதுதான் இன்றைய பேச்சு.

களமருதூர் என்ற பெயரிலேயே களம் இருக்கிறது. அந்தக் களத்தில் கதிரடித்தவர்களின் தெருவுக்குத்தான் எல்லா ஊரிலும் வெளிச்சம் கடைசியாக வந்து சேர்ந்தது. இது தற்செயலாக நடந்ததல்ல. ஒரு கிராமம் "மின்மயமானது" என்று சர்க்கார் எப்படிக் கணக்கிடுகிறது தெரியுமா? 2004-ல் வகுத்த இலக்கணப்படி, ஊரிலும் தலித் குடியிருப்பிலும் கம்பமும் கம்பியும் டிரான்ஸ்பார்மரும் வந்து, பள்ளிக்கூடம், பஞ்சாயத்து அலுவலகம் போன்ற பொது இடங்களுக்கு மின்சாரம் கிடைத்து, 100 வீட்டில் 10 வீட்டில் விளக்கு எரிந்தால் போதும், அது மின்மயமான கிராமம். மற்ற 90 வீடு இருட்டாக இருந்தாலும் கணக்கில் வெளிச்சம்தான்! இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் 2018 ஏப்ரலில், மணிப்பூரின் லெய்சாங் என்ற கிராமத்துக்கும் மின்சாரம் வந்துவிட்டது, இனி இந்தியாவில் இருண்ட கிராமமே இல்லை என்று தில்லியில் அறிவித்தார்கள். தமிழ்நாட்டின் நிலை அவ்வளவு மோசமில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். குடிசைக்கு இலவச விளக்கு, விவசாயப் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் என்று இங்கே கிடைத்தவை பல. அவை தானாக வரவில்லை. யூனிட்டுக்கு 1 பைசா குறை என்று கேட்ட விவசாயிகள் மீது 1970-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது, 3 பேர் மாண்டார்கள். அதையெல்லாம் மறந்துவிட்டு இன்றைய இலவசத்தைப் பேச முடியாது.

ஆணையம் பிறந்த கதை

முன்பு எல்லாமே மின்வாரியம்தான். 1957-ல் அமைந்த தமிழ்நாடு மின்சார வாரியமே உற்பத்தி செய்தது, கம்பி இழுத்தது, கட்டணம் வசூலித்தது. கட்டணத்தைக் கூட்டினால் மந்திரியைக் கேட்கலாம், சட்டசபையில் கேட்கலாம். 1990-களில் உலக வங்கியின் கடனும் யோசனையும் சேர்ந்தே வந்தன. ஒரிஸாதான் முதலில் வாரியத்தைத் துண்டாக்கி, 1996-ல் ஓர் ஒழுங்குமுறை ஆணையத்தை அமைத்தது. 1998-ல் மத்தியச் சட்டம் வந்தது. 1999-ல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பிறந்தது. 2003-ல் இன்றைய மின்சாரச் சட்டம். 2010-ல் நம் வாரியம் பிரிக்கப்பட்டது. 2024-ல் மறுபடியும் பிரிக்கப்பட்டு, இன்று நமக்குக் கம்பி இழுப்பது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். பெயர்ப்பலகை எத்தனை முறை மாறினாலும் நாம் "மின்வாரியம்" என்றுதான் சொல்கிறோம், இங்கேயும் அப்படியே சொல்வோம்.

ஆணையம் என்ற ஏற்பாட்டை நாம் வரவேற்கவில்லை. மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய மந்திரியின் கையிலிருந்து கட்டணத்தை எடுத்து, ஓட்டுக் கேட்டு வரவேண்டிய அவசியமில்லாத மூன்று பேர் கையில் கொடுப்பது தனியார் முதலாளிகளுக்குப் பாதை போடும் வேலை என்று அன்றே சொன்னோம். 2020-21-ல் தில்லி எல்லையில் விவசாயிகள் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்த போராட்டத்தில், மின்சாரத் திருத்த மசோதாவை வாபஸ் வாங்கு என்பதும் ஒரு கோரிக்கை. அந்த அபிப்பிராயத்தில் மாற்றமில்லை.

"அப்படியானால் அந்த வாசலுக்கு ஏன் போகவேண்டும், தோழர்?" என்று ஒருவர் முன்பு கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். பாக்டரி சட்டத்தை எழுதியவர்களும் தொழிலாளிகள் அல்ல. ஆனால் ஆலையில் வரம்புக்கு மேல் வேலை வாங்கியபோது அந்தச் சட்டத்தின் ஷரத்தைக் காட்டித்தான் மேனேஜரின் வாயை அடைத்தோம். எதிரி கட்டிய கிணறு என்பதற்காகத் தாகத்தோடு திரும்பிப் போவதா? தண்ணீரும் எடுப்போம், கிணறு யாருடையது என்ற வழக்கையும் விடாமல் நடத்துவோம்.

இரண்டு வாசல்

ஆணையத்தின் வேலை கட்டணம் நிர்ணயிப்பது மட்டுமல்ல. மின்கட்டமைப்பில் இணைவது பற்றிய தகராறுகளைத் தீர்ப்பதும் அதன் வேலை. ஆனால் தகராறுக்கு வருகிறவர் யார் என்பதைப் பொறுத்து வாசல் மாறுகிறது.

முதல் வாசல் பெரிய வாசல். 2003-ஆம் வருஷச் சட்டத்தின் 86-வது ஷரத்துப்படி, மின்சாரம் உற்பத்தி செய்யும் கம்பெனிக்கும் வாரியத்துக்கும் தகராறு வந்தால் ஆணையமே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லலாம், அல்லது மத்தியஸ்தரிடம் அனுப்பலாம். இதைச் சுப்ரீம் கோர்ட் 2008-ல் குஜராத் வாரியத்துக்கும் எஸ்ஸார் கம்பெனிக்கும் நடந்த வழக்கில் உறுதிப்படுத்தியது. நம் ஜில்லாவில் இதற்கு உதாரணம் சொன்னால் சட்டென்று புரியும். நீங்கள் வெட்டும் கரும்பு ஆலைக்குப் போகிறது. சாறு பிழிந்த சக்கையை எரித்து மின்சாரம் எடுத்து, மிஞ்சியதைக் கம்பியில் ஏற்றி விற்கும் ஆலைகள் தமிழ்நாட்டில் பல உண்டு. அப்படி ஓர் ஆலைக்கும் வாரியத்துக்கும் இணைப்பிலோ விலையிலோ வம்பு வந்தால் வழக்கு நேரே ஆணையத்தின் முன் நிற்கும். அங்கே பிடிக்கவில்லையா? தில்லியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. அதற்கும் மேலே சுப்ரீம் கோர்ட்.

இந்த வாசலில் நடந்த இரண்டு வழக்கைச் சொல்கிறோம். பிள்ளைப்பெருமாள்நல்லூர் தனியார் மின் நிலையத்துக்கும் நம் வாரியத்துக்கும் பில் தொகையில் கழித்த தள்ளுபடி, தாமதத்துக்கான வட்டி ஆகியவை பற்றித் தகராறு. ஆணையம் கம்பெனிக்குச் சாதகமாகச் சொன்னது, 2013-ல் தீர்ப்பாயம் அதையே சொன்னது, 2014-ல் சுப்ரீம் கோர்ட்டும் வாரியத்தின் அப்பீலைத் தள்ளிவிட்டது. இரண்டாவது, சூரிய மின்சாரக் கம்பெனிகளின் வழக்கு. அவர்களுடைய உற்பத்தியைக் கம்பியில் ஏற்ற வேண்டாம், குறையுங்கள் என்று தமிழ்நாட்டில் அடிக்கடி உத்தரவு போனது. கட்டமைப்பின் பாதுகாப்புக்காக என்றால் சரி. மலிவாக வேறிடத்தில் வாங்கலாம் என்ற வியாபாரக் கணக்குக்காகக் குறைக்கச் சொன்னது தவறு என்று 2021 ஆகஸ்டில் தீர்ப்பாயம் முடிவு செய்தது. குறைக்கப்பட்ட மின்சாரத்துக்கு ஒப்பந்த விலையில் 75 சதம் இழப்பீடு தரச் சொன்னது. தீர்ப்பு தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. வெயிலில் கிடைக்கும் மின்சாரத்தைத் தள்ளிவிட்டு நிலக்கரியை எரிப்பது நல்லதல்லதான். அந்த 75 சதத்தை மட்டும் மனதில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவோம்.

இரண்டாவது வாசல் நம்முடையது. வீட்டு இணைப்பு, பில் தகராறு, மீட்டர் கோளாறு என்று தனி நுகர்வோரின் குறைகளை ஆணையம் நேரே விசாரிப்பதில்லை. மகாராஷ்டிர ஆணையமும் ரிலையன்ஸ் கம்பெனியும் நடத்திய வழக்கில் 2007-ல் சுப்ரீம் கோர்ட் அப்படித்தான் சொல்லிவிட்டது. நமக்கு 42-வது ஷரத்தின்படி மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். அதன் முடிவு பிடிக்காவிட்டால், ஆணையம் நியமிக்கும் மின் குறைதீர்ப்பாளர்.

இதில் ஒரு வேடிக்கை. தமிழ்நாட்டு விதிமுறை 2004-ல் அந்த மன்றத்துக்குத் தலைவராக அமர்த்தியது யாரை? அந்தந்த வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளரையே! மாமியார் மீது மருமகள் கொடுக்கும் புகாரை மாமியாரே விசாரிப்பது போல. இருந்தாலும் மன்றத்தில் வெளியாளும் உட்காருகிறார், முடிவை எழுத்தில் தரவேண்டும், எழுத்தில் வந்ததை எதிர்த்து மேலே போகலாம். வாய்வார்த்தையாக "போய்யா, அப்புறம் பார்க்கலாம்" என்பதைவிட எழுத்தில் "முடியாது" என்பது நமக்கு ஆயிரம் மடங்கு மேல்.

ஒரு கொளஞ்சியின் மனு

நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு கொளஞ்சி உண்டு. அவர்களில் ஒருவர் மனுப்போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூலி வேலை. இருப்பது புறம்போக்கில் போட்ட ஒரு கூரை வீடு, அல்லது நிலக்காரர் கொடுத்த மனையில் கட்டிய வீடு. பட்டா இல்லை. பிரிவு அலுவலகத்தில் "பட்டா கொண்டு வா, இல்லாவிட்டால் மனைக்காரரிடம் சம்மதக் கடிதம் வாங்கி வா" என்கிறார்கள். மனைக்காரரோ, போன தேர்தலில் கொளஞ்சி யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பதை நினைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட மறுக்கிறார். கொளஞ்சி திரும்பி வந்து மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றுகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது? 43-வது ஷரத்தைப் பாருங்கள். இடத்தின் உரிமையாளர் அல்லது குடியிருப்பவர் மனுச் செய்தால் வாரியம் மின்சாரம் கொடுத்தாக வேண்டும். "குடியிருப்பவர்" என்ற ஒரு சொல்லில்தான் கொளஞ்சியின் உரிமை இருக்கிறது. உரிமையாளர் சம்மதம் தராவிட்டால், சட்டப்படி குடியிருப்பதற்கான ஆதாரத்தைக் காட்டி, பொறுப்புறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து, இரு மடங்கு காப்புத் தொகை கட்டி இணைப்புப் பெறலாம் என்று தமிழ்நாட்டு மின் பகிர்மான விதித்தொகுப்பிலும் வழி வைத்திருக்கிறார்கள். ஏழைக்கு ஏன் இரட்டைப் பணம் என்பது நம் கேள்வி, அந்தக் கேள்வி நிற்கட்டும். 2022-ல் சுப்ரீம் கோர்ட்டும், மின்சாரம் அடிப்படை வசதி, வீட்டுக்காரரின் சம்மதம் இல்லை என்ற ஒரே காரணத்தால் வாடகைக்கு இருப்பவருக்கு அதை மறுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பழைய வீட்டை விலைக்கு வாங்குகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பிருந்தவர் வைத்துவிட்டுப் போன பாக்கியைக் கட்டினால்தான் புது இணைப்பு என்று வாரியம் நிபந்தனை போடலாம் என்று அதே கோர்ட் 2023-ல் கேரள வழக்கில் சொல்லிவிட்டது. கிரயம் முடிக்குமுன் மின் பில்லையும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது காலம். மனுப்போட்ட ஒரு மாதத்துக்குள் இணைப்பு என்று 2003-ஆம் வருஷச் சட்டம் சொன்னது. 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் தன் விதிகளைத் திருத்தி, பெருநகரத்தில் 3 நாள், நகராட்சிப் பகுதியில் 7 நாள், கிராமத்தில் 15 நாள், மலைக் கிராமத்தில் 30 நாள் என்று வைத்தது. புதிதாகக் கம்பம் நட்டு, டிரான்ஸ்பார்மர் வைக்க வேண்டுமானால் தனிக் கெடு உண்டு. நகரத்துக்காரருக்கு 3 நாள், கல்வராயன் மலைக்காரருக்கு 30 நாள்! போகட்டும், 30 நாளாவது கெடு இருக்கிறதே.

கெடு தவறினால்? இங்கேதான் அந்த 75 சதத்தை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டு ஆணையம் 2004-ல் வகுத்த விதிமுறையில், புது இணைப்புத் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, உச்சவரம்பு 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். கணக்குப் போடுங்கள், தோழர்களே. பத்து நாளோடு தீர்ந்தது. பதினோராவது நாளிலிருந்து தாமதத்துக்கு விலையே கிடையாது. ஒரு வருஷம் இழுத்தாலும் அதே 1,000 ரூபாய். கம்பெனி ஏற்றாத மின்சாரத்துக்கு யூனிட் யூனிட்டாக எண்ணிக் கொடுக்கிறார்கள். கொளஞ்சியின் பிள்ளை படிக்காத இரவுகளைப் பத்தோடு எண்ணி நிறுத்துகிறார்கள்.

ஆனால் சட்டத்தில் இன்னொரு ஆயுதம் உறையில் கிடக்கிறது. 43-வது ஷரத்தே, கெடுவுக்குள் மின்சாரம் தராத வாரியத்துக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. அதை விசாரிக்க ஆணையம் தன் உறுப்பினர் ஒருவரையே நியமிக்க வேண்டும் என்கிறது 143-வது ஷரத்து. அபராதம் வேறு, இழப்பீடு வேறு. அந்தப் பணம் நம் கைக்கு வரப்போவதில்லை. வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? அதிகாரியின் பைலில் ஒரு சிவப்புக்கோடு விழுந்தால் அடுத்த தெருவின் மனு வேகமாக நகரும். தனி ஆளின் பில் தகராறுக்கு ஆணையம் திறக்காது என்றோம். ஆனால் ஒரு குடியிருப்பு முழுவதையும் கெடு கடந்து இருட்டில் வைத்திருந்தால், அது ஒரு பில் தகராறு அல்ல, ஆணையம் வகுத்த விதியையே மீறுவது. அங்கே சங்கம் ஆணையத்தைப் பார்த்துக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

குறுக்கே நிற்கும் வயல்

சில இடத்தில் வாரியம் தயார், பணமும் கட்டியாயிற்று. கம்பம் மட்டும் வரவில்லை. ஏன்? குடியிருப்புக்குப் போகும் வழியில் ஒரு பெரியவரின் வயல் இருக்கிறது. "என் நிலத்தில் கம்பம் நடக் கூடாது" என்கிறார். தன் பம்புசெட்டுக்கு வந்த கம்பி எத்தனை பேருடைய நிலத்தைத் தாண்டி வந்தது என்று அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. பொறியாளரும் "ஊர்ப் பிரச்னை, நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்று கையை உதறுகிறார்.

இது ஊர்ப் பிரச்னை அல்ல. 2006-ல் வந்த மத்திய விதிகளின்படி, நிலக்காரர் ஆட்சேபித்தால் கலெக்டரிடம் அனுமதி வாங்கவேண்டியது வாரியத்தின் பொறுப்பு. கலெக்டர் விசாரித்து, நிலக்காரருக்கு நியாயமான நஷ்டஈட்டையும் நிர்ணயித்து, அனுமதிக்கலாம். அந்த உத்தரவில் யாருக்குக் குறை இருந்தாலும் ஆணையத்திடம் போகலாம். நாம் போய் அந்தப் பெரியவரின் வாசலில் கைகட்டி நிற்கவேண்டிய அவசியம் எங்கே வருகிறது? சிறு விவசாயியின் நிலமாக இருந்தால் விஷயம் வேறு. இரண்டு காணி வைத்திருப்பவரின் வயல் நடுவே கம்பத்தை நட்டுவிட்டு நஷ்டஈடும் கொடுக்காமல் போனால் அவருக்காகவும் நாம்தான் பேச வேண்டும். வரப்போரமாக நடச் சொன்னால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் தீரும்.

கல்வராயன் மலையிலிருந்தும் தோழர்கள் வந்திருக்கிறீர்கள். உங்கள் கதை தனி. 1976 வரை ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்த மலை அது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகுதான், சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து உங்கள் மலையின் சாலையையும் வசதிகளையும் பற்றி விசாரணையில் இறங்கியது. அத்தனை சாவு விழுந்த பிறகு!

மலையில் நிலக்காரருக்குப் பதில் வனத்துறை குறுக்கே நிற்கும். "காட்டுக்குள் கம்பி போகாது" என்று ஒரே வாக்கியத்தில் முடிப்பார்கள். அவர்களுக்கு 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின் 3-வது ஷரத்தைக் காட்டுங்கள். பள்ளிக்கூடம், சாலை, குடிதண்ணீர்க் குழாய் முதலான 13 வசதிகளுக்குக் காட்டு நிலத்தைக் கொடுக்கலாம் என்கிறது அது. மின்கம்பியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை சிபாரிசு செய்ய வேண்டும். அந்தத் தீர்மானம் இல்லாமல் மனு நகராது. இருந்தால் வன அதிகாரி எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். இணைப்பு வரவில்லை என்ற கோபத்தில் கம்பியில் கொக்கி போடாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்பது முதல் காரணம். 135-வது ஷரத்துப்படி அது மின் திருட்டு, 3 வருஷம் வரை சிறை என்பது இரண்டாவது. அந்த வழக்கு வந்துவிட்டால் குறைதீர்க்கும் மன்றம் கதவைச் சாத்திவிடும். இணைப்புக் கொடுக்காமல் இழுத்தடித்தவர் சாட்சியாகவும், இருட்டில் இருந்தவர் குற்றவாளியாகவும் நிற்பார்கள்.

என்ன செய்யப் போகிறோம்

2022-ல் கட்டணத்தை உயர்த்துமுன் ஆணையம் மக்களின் கருத்தைக் கேட்டது. கோவை, மதுரை, சென்னையில் கேட்டது. கள்ளக்குறிச்சிக்கு வரவில்லை. ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் செலவு செய்து சென்னைக்குப் போய்க் கருத்துச் சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்? ஆலை முதலாளிகளின் சங்கங்கள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தால் அதில் ஆச்சரியமில்லை. இணைப்புத் தகராறுகளைப் பற்றி ஜில்லா தலைநகரில் வந்து உட்கார்ந்து கேட்கவேண்டும். தாமத இழப்பீட்டின் உச்சவரம்பை எடுக்கவேண்டும். பட்டா இல்லாத ஏழைக்கு இரட்டைக் காப்புத் தொகை கூடாது. இந்த மூன்றையும் ஆணையத்துக்கு எழுத்தில் அனுப்புகிறோம். கையெழுத்துத் தாள் உங்கள் வரிசையில் வந்துகொண்டிருக்கிறது, கைநாட்டும் செல்லும்.

தனித்தனி மனுக்களைப் பற்றி: மனுப் பதிவு செய்த ரசீது எல்லாவற்றுக்கும் அடிப்படை. கம்ப்யூட்டரில் பதிவு செய்யக் கொடுத்திருந்தால் பதிவு எண்ணை ஒரு தாளில் எழுதி வாங்கி வையுங்கள். மனுவை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மன்றத்துக்குப் போக வக்கீல் கட்டாயமில்லை. மன்றத்தின் முடிவு கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே குறித்து வையுங்கள், அங்கிருந்து 30 நாளுக்குள் குறைதீர்ப்பாளருக்கு எழுதவேண்டும். முடிவுத் தாள் வந்து மூன்று வாரம் பரணில் கிடந்த பிறகு சங்கத்துக்குக் கொண்டுவருகிறவர்கள் உண்டு, அப்படிச் செய்யாதீர்கள்.

கூட்டம் முடிந்ததும் எழுதத் தெரிந்த தோழர்கள் நால்வர் பள்ளிக்கூடத் திண்ணையில் உட்காருவார்கள். ரசீது உள்ளவர்கள் இடது பக்கம், இன்னும் மனுவே போடாதவர்கள் வலது பக்கம். மலைக்குக் கடைசி பஸ் சீக்கிரம் போய்விடும், ஆகையால் மலைத் தோழர்களை முதலில் விடுங்கள்.